குட்டிப் பொறிவண்டுகளை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறிவண்டு என்றதும் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவை கடுகளவே இருக்கும், பல இனங்களுக்குப் புள்ளியே கிடையாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கொல்லையில் நிற்கும் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி அப்பியிருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ, மேலெல்லாம் மெல்லிய முடியோடு 2 மி.மீ வண்டு ஒன்று நடந்து போகலாம். ஸ்கிம்னஸ் என்ற பொறிவண்டு வகையும் அதன் உறவுகளும் இப்படித்தான் இருக்கும். மாவுப்பூச்சி போன்றவற்றைத் தின்று நமக்கு உதவுபவை இவை.

இந்த வண்டுகள் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, அவற்றின் புழுக்களை மாவுப்பூச்சி என்று நினைத்துக் கொன்றுவிடுவது. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். பல இனங்களின் புழுக்கள் உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகளைச் சுமந்துகொண்டு திரியும். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவைப் பார்த்தால் 'பெரிய மாவுப்பூச்சி' என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் 'பெரிய' என்பதே துப்பு. வளர்ந்த புழு 13 மி.மீ வரை போகும், பப்பாளி மாவுப்பூச்சியின் பெண் 2 மி.மீ-க்குச் சற்றுமேல்தான். சந்தேகம் இருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி வாயைச் செடிக்குள் செருகிக்கொண்டு இருப்பதால் லேசில் நகராது, நகர்ந்தாலும் மெதுவாகத்தான் ஊரும். புழுவோ விறுவிறுவென்று ஓடும். அதன் மெழுகு இழைகள் நீளமாக, கோணல்மாணலாகத் தொங்கும். மருந்து தெளிப்பதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் இருக்காதீர்கள். தெளித்தால் இரண்டும் சேர்ந்தே சாகும், அப்புறம் வேகமாகத் திரும்பி வருவது பெரும்பாலும் மாவுப்பூச்சிதான்.

அடுத்தது, கைப்பேசியில் படம் எடுத்து, இணையத்தில் அதே மாதிரி இருக்கும் முதல் படத்தின் பெயரை எழுதிவிடுவது. சின்னக் கறுப்பு வண்டு என்று தேடினால் சசாஜிஸ்கிம்னஸ் சூகே வந்து நிற்கலாம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைக் கம்பளிபோல் வெள்ளையாக மூடும் அடெல்ஜிட் பூச்சி அழித்துவருகிறது. வர்ஜீனியாவில் அது 1951-இல் கண்டறியப்பட்டது. அதை அடக்குவதற்காக 1992-இல் ஜப்பானில் தேடிப் பிடித்து, 1995-இல் கனெக்டிகட்டில் விடப்பட்ட வண்டு இது. அளவு, நிறம், முடி எல்லாம் நம் ஊர் ஸ்கிம்னஸ் வண்டுகளைப் போலவே இருக்கும். ஆனால் அடெல்ஜிட்கள் பைன் குடும்பத்து மரங்களில் மட்டுமே வாழ்பவை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் அந்தக் குடும்பத்து மரம் தானாக வளர்வதில்லை. வண்டின் முதுகைப் பார்க்கும் முன், அது எந்த மரத்தில், எதைத் தின்றுகொண்டிருந்தது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இங்கே இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாக நிற்கும் சவுக்கை ஊசியிலை மரம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அதன் 'ஊசி' ஒன்றைப் பறித்து இரண்டு பக்கமும் இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் பல் மாதிரி தெரியும் நுண்ணிய செதில்கள்தான் இலைகள். நாம் இலை என்று நினைத்தது சிறு கிளை. சவுக்கு பூக்கும் தாவரம். அதில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது அடெல்ஜிட் ஆகாது, செதில் பூச்சியா மாவுப்பூச்சியா என்று பாருங்கள். வீட்டு வாசலில் வைக்கும் துஜாவும் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று நர்சரியில் விற்கும் அராகேரியாவும் உண்மையான ஊசியிலை வகைதான், ஆனாலும் பைன் குடும்பம் அல்ல.

முதுகில் முடி இருந்தால் பயிரைத் தின்னும் கெட்ட வண்டு என்று சொல்வதும் தவறு. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் எபிலாக்னா என்ற பொறிவண்டுக்கு முடி உண்டு, சரி. ஸ்கிம்னஸுக்கும் உண்டு. எபிலாக்னா 6 மி.மீ-க்கும் மேல் இருக்கும், இலையைச் சுரண்டித் தின்ற அடையாளம் பக்கத்திலேயே தெரியும்.

விவரித்து எழுதும்போது 'சின்னது, கறுப்பு' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். கிராஃப் தாளில் வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் நிறத்தில் மாறலாம். கிரிப்டோலேமஸ் ஆணின் முன்னங்கால் ஆரஞ்சு கலந்த பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. பல ஸ்கிம்னஸ் இனங்களில் ஆணின் தலை வெளிர் நிறமாக இருக்கும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறிப்போய்க் கிடக்கும், நிறம் ஏற நேரம் எடுக்கும். அதைப் பார்த்துத் 'தனி இனம்' என்று எழுதிவிடக் கூடாது. வண்டைத் திருப்பிப் போட்டும் ஒரு படம் எடுங்கள். வயிற்றின் முதல் வளையத்தில், பின்னங்காலுக்குப் பின்னால் ஓடும் வளைகோடு அரைவட்டமாக முழுமையடைகிறதா, பாதியில் நிற்கிறதா என்பது வகை பிரிக்க உதவும். இனத்தின் பெயரை உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அதுவரை 'ஸ்கிம்னஸ் வகை' என்று எழுதுவதே நேர்மை.

கடைசியாக, பிடித்த வண்டோடு வைக்கும் விவரச் சீட்டு. பிடித்த இடம் 'செட்டிநாடு' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பகுதிக்கும் அந்தப் பெயர்தான், கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் ஊருக்கும் அதே பெயர்தான். பள்ளத்தூரா, அரிமளமா, ஆத்தங்குடியா என்று ஊர்ப் பெயரை எழுதி, மாவட்டம், தேதி, மரம், தின்ற பூச்சி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாவுப்பூச்சியிலும் இரண்டு மூன்றை எடுத்துச் சாராயக் குப்பியில் போட்டுவையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால் நாளடைவில் நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும்.