காது கொடுக்க ஆள் வேணும்: மனநல வாலண்டியர்களை எப்படி எடுக்கறது, எப்படி பழக்கறது

ஊர்ல ஒரு ஹெல்ப்லைன் ஆரம்பிக்கலாம்னு இறங்குறவங்க மொதல்ல கேக்கறது "சைக்காலஜி படிச்சவங்க எங்க கிடைப்பாங்க?"ன்னு தான். அது கட்டாயமில்லங்க. 1953ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார் சமாரிட்டன்ஸ்ங்கற தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன ஆரம்பிச்சாரு, அவரைப் பாக்க காத்திருந்தவங்களுக்கு டீ கொடுத்து பேச்சுக்கொடுத்த சாதாரண ஆளுங்ககிட்டயே நெறைய பேரு மனசு விட்டு பேசிட்டு, அவரைப் பாக்காமலே கிளம்பிட்டாங்களாம். சென்னைல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல ஆரம்பிச்ச ஸ்நேகாங்கற தற்கொலை தடுப்பு மையமும் வாலண்டியர்களை வச்சு தான் ஓடுது.

ஸ்டெப் 1: எல்லைய முடிவு பண்ணுங்க. நம்மாளு மருந்து சொல்லக்கூடாது, "உனக்கு டிப்ரஷன் தான்"னு பேர் வைக்கக்கூடாது. அதுக்கு மேல போனா எங்க அனுப்பணும்னு லிஸ்ட் சுவத்துல ஒட்டியிருக்கணும்: பக்கத்து ஜி.எச். மனநல பிரிவு, அரசோட 24 மணி நேர மனநல போன் சேவை டெலி மானஸ் 14416.

ஸ்டெப் 2: ஆள் எடுக்கறது. பயோடேட்டாவ ஓரமா வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "ஃப்ரெண்டு வேலை போச்சுன்னு அழறான், என்ன பண்ணுவீங்க?" "தைரியமா இருடா"ன்னு சொல்றவர பழக்கி எடுத்துடலாம். ஆனா கடவுள், ஜாதகம், தன்னோட வெற்றிக்கதைன்னு ஏதாவது ஒன்ன விக்க வந்தவரு, எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாலும் வேண்டாம், கணக்கு பாக்கவோ போஸ்டர் ஒட்டவோ அனுப்புங்க. வீட்ல சமீபத்துல தற்கொலை நடந்தவங்க ஆர்வமா வருவாங்க, அவங்கள கொஞ்ச காலம் கழிச்சு வரச் சொல்லுங்க, பக்குவமா சொல்லணும்.

ஸ்டெப் 3: டிரெய்னிங். லெக்சர கொறைச்சு ரோல் ப்ளே போடுங்க. ரெண்டு பேர முதுகு காட்டி உக்கார வைங்க, போன்ல முகம் தெரியாதில்ல. ஒருத்தர் "எனக்குன்னு யாருமே இல்லங்க"ம்பாரு. புதுசா வந்தவரு டக்குன்னு "ஏங்க, அம்மா அப்பா இருக்காங்கல்ல?"ம்பாரு. அங்கேயே பேச்சு செத்துடும். "ரொம்ப தனியா ஆயிட்ட மாதிரி இருக்கா?"ன்னு கேட்டுட்டு சும்மா இருக்கணும். அந்த சும்மா இருக்கறது தான் நம்மாளுங்களுக்கு வரவே வராது, வாட்ச் வச்சு அரை நிமிஷம் வாய மூடப் பழக்குங்க. அப்புறம் "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"ன்னு நேரா கேக்கவும் பழக்கணும். கேட்டா எண்ணத்த நாமளே விதைச்சிடுவோமோன்னு எல்லாரும் பயப்படுவாங்க, அப்படி ஆகாது, பல பேருக்கு அந்தக் கேள்வியே ஒரு நிம்மதி.

ஸ்டெப் 4: ரகசியம். வீட்ல, வாட்ஸ்அப்ல, ஊர் பேர் மாத்தி கூட சொல்லக்கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்துன்னா என்ன பண்ணணும்னு முன்கூட்டியே எழுதி வைங்க. கொழந்தை மேல பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா போக்ஸோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகணும். "தற்கொலைக்கு முயற்சி பண்ணேன், கேஸ் போடுவாங்களா?"ன்னு பயந்து கேப்பாங்க, 2017 மனநல பராமரிப்புச் சட்டம் பிரிவு 115 அவங்களுக்கு சாதகமா இருக்குன்னு வாலண்டியருக்கு தெரிஞ்சிருக்கணும்.

ஸ்டெப் 5: ஆரம்பத்துல பழைய வாலண்டியர் பக்கத்துல இல்லாம யாரையும் போன் எடுக்க விடாதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் பேசி எறக்கி வச்சுட்டு தான் வீட்டுக்கு அனுப்பணும். "எனக்கு ஒண்ணுமில்ல சார், பஸ்ஸுக்கு டைமாச்சு"ன்னு ஓடறவர தான் உக்கார வைக்கணும்.