மேடையேறும் டிரம்மருக்கு ஓர் அவசரத் திருத்தப் பெட்டி

தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களில் இசைக்குழு மேடையேறவே இரவு பத்தாகிவிடும். அந்நேரம் ஸ்னேர் டிரம்மின் ஹெட் (அடிக்கும் தோல்) கிழிந்தால் ஹட்டன் டவுனுக்கு ஓடியும் பிரயோசனமில்லை. பகலிலேயே டிரம் சாமான்களுக்குப் பெரும்பாலும் கண்டியையோ கொழும்பையோதான் நம்பியிருக்கிறோம். அதனால் கடையைக் கையோடு கொண்டுபோக வேண்டியதுதான். புதிதாக மேடையேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு சாமானையும் எடுக்கும்போது, 'இது உடைந்தால் பாட்டு நின்றுவிடுமா?' என்று கேளுங்கள். ஒரு டொம் (பக்க டிரம்) போனால் சமாளிக்கலாம். கிராஷ் சிம்பல் (ஓங்கி அடிக்கும் தட்டு) இல்லாமலும் இரவை ஓட்டலாம். கிக் பெடல் (பேஸ் டிரம்மை அடிக்கும் மிதி), ஸ்னேர், ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) மூன்றில் ஒன்று போனால் கதை முடிந்தது. பெட்டியில் முக்கால்வாசி இடம் இவற்றுக்கே.

1. முதலில் பெட்டி. தகரப் பிஸ்கட் டின் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். இறுக்கமாக மூடும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா நல்லது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீசாமல் இதற்குள் போடுங்கள்.

2. டிரம் கீ (ஹெட்டை இறுக்கும் சாவி) இரண்டு. ஒன்று பெட்டியில், மற்றது நூலில் கட்டி ஹை-ஹாட் ஸ்டாண்டில். கூடவே ஒரு குறடு, ஸ்குரூ டிரைவர், சின்னக் கத்தரிக்கோல், நெற்றியில் கட்டும் டோர்ச். டோர்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு திருகாணியும் கழற்ற முடியாது.

3. ஸ்னேர். இதில்தான் அதிகம் நடக்கும். 14 அங்குல மேல் ஹெட் ஒன்று உபரியாக இருக்கட்டும். அது டப்பாவுக்குள் அடங்காது, ஸ்னேர் பைக்குள் தட்டையாக வையுங்கள். கீழ் ஹெட் மிக மெல்லியது. மேலே போடுவதைக் கீழே போட்டால் ஸ்னேரின் அடியில் உள்ள கம்பிகள் சரியாக அதிராது, ஆகவே முடிந்தால் அதிலும் ஒன்று.

மாற்றும் முறை: பழையதைக் கழற்றி, விளிம்பைத் துணியால் துடைத்து, புதியதை வைத்து எல்லாத் திருகாணிகளையும் விரலாலேயே இறுக்குங்கள். அப்புறம் கீயால் ஒன்றுக்கு அரைச் சுற்று, அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதற்கு அரைச் சுற்று. பக்கத்துப் பக்கத்தில் இறுக்கிக்கொண்டே போனால் ஹெட் ஒருபக்கமாக இழுபடும். நடுவில் உள்ளங்கையால் ஒரு அழுத்து, மறுபடி ஒரு சுற்று. வீட்டில் ஒருநாள் செய்து பழகிக்கொள்ளுங்கள். உபரி ஹெட் இல்லையா? உங்கள் ஃப்ளோர் டொம் (தரையில் நிற்கும் டொம்) 14 அங்குலமாக இருந்தால் அதன் மேல் ஹெட்டைக் கழற்றி ஸ்னேருக்குப் போடுங்கள். சத்தம் கொஞ்சம் மாறும், நிகழ்ச்சி நடக்கும்.

ஸ்னேர் கம்பியைப் பிடித்திருக்கும் கயிறும் அடிக்கடி அறும். மெல்லிய நைலோன் கயிற்றை முன்கூட்டியே துண்டுகளாக வெட்டி, நுனிகளை லைட்டரால் உருக்கி வையுங்கள். இன்னும் நல்லது, கிழிந்த பழைய ஹெட்டிலிருந்து வெட்டிய பட்டை. அதே ஹெட்டின் ஒரு வட்டத் துண்டை, பேஸ் டிரம்மில் பீட்டர் (பெடலின் சுத்தி) படும் இடத்தில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடலாம். பழைய ஹெட்டை யாராவது குப்பையில் போட்டால் எனக்கு வயிற்றெரிச்சல்.

4. கிக் பெடலுக்கு ஒரு ஸ்பிரிங், ஒரு பீட்டர், பீட்டரைப் பிடிக்கும் திருகாணி. பழைய பெடல் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையே வேனில் போட்டுவிடுங்கள். மேடையில் ஸ்பிரிங் மாட்டுவதைவிட பெடலையே மாற்றுவது வேகம்.

5. ஹை-ஹாட் கிளச். மேல் தட்டைக் கம்பியோடு பிடிக்கும் இந்தச் சின்னச் சாமான், வேன் தோட்டப் பாதையில் குலுங்கும்போது கழன்று எங்கோ விழுந்துவிடும். முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

6. சில்லறைகள். சிம்பல் ஸ்டாண்டின் காதுத் திருகாணி, ஃபெல்ட் (மெத்தென்ற துணி வட்டம்), பிளாஸ்டிக் குழாய். குழாய் இல்லாமல் அடித்தால் ஸ்டாண்டின் இரும்புக் கம்பி சிம்பலின் துளையை அரித்துவிடும். ஹார்ட்வேர் கடைக்கு ஸ்டாண்டின் மேல் கம்பியையே கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். ஃபெல்ட்டுக்குப் பதில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய வட்டம் போதும். டென்ஷன் ராட்களை (ஹெட்டை இறுக்கும் நீளத் திருகாணிகள்) உங்கள் செட்டிலிருந்தே அளவு பார்த்து எடுங்கள், எல்லாக் கம்பனிகளின் மரையும் ஒன்றல்ல.

7. டேப். கறுப்புத் துணி டேப், அதாவது காஃபர் டேப், ஒரு சுருள். மூடுபனி இறங்கிய மேடையில் எதுவும் ஒட்டாது, எனவே காய்ந்த துணி ஒன்றும் சேருங்கள்.

8. எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல். அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. அது 24 பாகைக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நுவரெலியா இரவில் பெடல் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

ஈரம் என்றதும் ஒன்று. டிரம் செட்டில் இப்போது வருவது பிளாஸ்டிக் ஹெட், பனிக்கு அவ்வளவாகத் தொய்யாது. உங்கள் குழுவில் தப்பு மேளமும் இருந்தால் அது வேறு கதை. தோல் தளர்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சித்தான் ஆக வேண்டும். தப்புக்காரர் தீப்பெட்டியும் காய்ந்த கடதாசியும் தாமே கொண்டு வருவார், இருந்தாலும் பெட்டியில் ஒரு லைட்டர் இருக்கட்டும்.

9. ஒக்டபேட் (மின்சார டிரம் பேட்) வாசிக்கிறவர்களுக்கு: உபரி அடப்டர், ஒரு கேபிள். வாங்கும்போது வோல்ட்டும் பிளஸ், மைனஸ் பக்கமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். சில மண்டபங்களில் வட்டப் பின் சொக்கட், சிலவற்றில் சதுரப் பின். இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று போடுங்கள்.

மூடியின் உள்பக்கம் சாமான் பட்டியலை ஒட்டி, உங்கள் டிரம்களின் அளவுகளையும் அதில் எழுதுங்கள். நிகழ்ச்சியில் பயன்படுத்தியதை அன்றிரவே கோடிட்டு வைத்தால், அடுத்து யார் கண்டிக்குப் போனாலும் பட்டியலைப் படமெடுத்து அனுப்பிவிடலாம்.