ரெய்டுக்கு முன் தபால் அனுப்புகிறீர்களா?
வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் சண்டை) தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நண்பருக்கு மருந்துப் புட்டிகளைத் தபாலில் அனுப்பினால் அவர் கைக்கு நேரத்தில் கிடைக்காது. பொருளோ தங்கமோ இணைத்த தபால் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வெறும் எழுத்து என்றால் உடனே போய்விடும். இருவரும் ஒரே கில்டில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவில்) இருந்தால் பொருளும் உடனே சேரும். அதற்காகவே நான் நண்பர்களைக் கில்டில் சேர்த்துவிடச் சொல்வேன்.

ஒரு தபாலில் 12 பொருள் வரை வைக்கலாம். அப்புறம், மினிமேப் (திரை மூலையில் உள்ள சிறு வரைபடம்) ஓரத்தில் கடித உறை தெரிந்தால் அன்றே தபால்பெட்டியைத் திறந்து பாருங்கள். சாதாரணத் தபாலுக்கு 30 நாள்தான் கெடு. பணம் கட்டி எடுக்கும் தபாலாக இருந்தால், கேட்கும் தொகை வெள்ளியா தங்கமா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.