ஒன் பி.எச்.கே வீட்டில் ஒருவருக்குத் தொற்று: அறை பிரிப்பதிலிருந்து ஆடு புலி ஆட்டம் வரை

மும்பையில் செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு பாத்ரூம், உள்ளே நாலைந்து பேர். கோவிட் மாதிரி காற்றில் பரவும் தொற்று இவர்களில் ஒருவருக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கான செய்முறை இது. டெட்டால் பாட்டிலைத் தேடுவதற்கு முன், வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. ஒரே அறை உள்ள சால் (வரிசைக் குடியிருப்பு) வீடு, பொதுக் கழிப்பறை என்றால் வீட்டில் பிரித்து வைக்க முயல வேண்டாம். 2020-ல் தாராவியில் பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் தனிமை மையங்களாக்கியதே வீட்டுக்குள் பிரிக்க இடமில்லாததால்தான். மாநகராட்சியின் 1916-ஐ அழைத்துக் கேளுங்கள். 60 வயதைத் தாண்டியவர், சுகர், இதயக் கோளாறு, கிட்னிப் பிரச்சினை உள்ளவர் என்றால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே வீட்டில் வையுங்கள்.

படி 1: காற்றைத் திருப்புவது

தேவை: ஒரு டேபிள் ஃபேன், பழைய அட்டைப் பெட்டி, செல்லோடேப், ஒரு பழைய துண்டு, ஒரு ஊதுபத்தி.

நோயாளிக்கு பெட்ரூம். அந்த ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அறைக்காற்றை அது வெளியே தள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்து டேப் போடுங்கள். அடைக்காவிட்டால் தள்ளிய காற்று பக்கவாட்டில் உள்ளேயே திரும்பி வரும். அட்டை ஃபேனின் பின்பக்கத்தை மறைக்கக் கூடாது. ஹால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக நல்ல காற்று அந்த வழியாகத்தான் வரும்.

இப்போது சோதனை. பெட்ரூம் கதவை இரண்டு விரல் அளவு திறந்து, ஹால் பக்கம் நின்று அந்த இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை பெட்ரூமுக்குள் இழுபட்டால் சரி. கதவை மூடிவிடலாம். ஹால் பக்கம் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி சமையலறை: சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடி, நோயாளியின் அறைக்காற்றை இழுக்கும். சமைக்கும்போது கிச்சன் ஜன்னலைத் திறந்துவிட்டு, பெட்ரூம் கதவை இறுக மூடி, அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். சீலிங் ஃபேன் ஒன்றாம் நம்பரில் போதும். ஸ்பிளிட் ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும், புதுக்காற்று தராது.

இரண்டு எச்சரிக்கை. பெட்ரூம் ஜன்னல் பொது நடைபாதையிலோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரிலோ திறந்தால் இந்த ஏற்பாடு வேண்டாம். உங்கள் தொல்லையை அண்டை வீட்டுக்கு அனுப்புவதாகிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரல் அடித்தால் பிளக்கைப் பிடுங்கி ஃபேனை எடுத்துவிடுங்கள். நனைந்த ஃபேன் ஷாக் அடிக்கும்.

படி 2: பாத்ரூமும் சாப்பாடும்

பாத்ரூம் ஒன்றுதான் என்றால் முடிந்தவரை நோயாளி கடைசியாகப் போகட்டும். போகும்போதும் வரும்போதும் மாஸ்க். வந்த பின் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மற்றவர்களின் டூத்பிரஷ்ஷும் துண்டும் பாத்ரூமுக்குள் இருக்கக் கூடாது. கழுவும்போது பிளீச்சிங்கையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள்: குளோரின் வாயு கிளம்பும், ஏற்கெனவே இருமுகிறவருக்கு அது பேராபத்து.

சாப்பாட்டுக்கு, கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். தட்டை வைத்து, கதவைத் தட்டிவிட்டு நகருங்கள். பிறகு அவர் எடுத்துக்கொள்வார். பாத்திரத்துக்குச் சாதாரண விம்மும் தண்ணீரும் போதும். உள்ளே போக வேண்டியிருந்தால் இருவருக்கும் என்-95. கண்ணாடி போடுபவருக்கு லென்ஸில் ஆவி படிந்தால் மூக்குக் கம்பி சரியாக அமுங்கவில்லை என்று அர்த்தம். அந்த மாஸ்க்கைத் துவைக்காதீர்கள், துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும்.

படி 3: ஆக்சிமீட்டர்

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சிறு கருவி இது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத, சூடான விரல் வேண்டும், சில்லிட்டிருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். கையை ஆட்டாமல் ஒரு நிமிடம், எண் நிலைத்த பிறகு நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவது இரண்டு இடத்தில். திரையில் இரண்டு எண் இருக்கும், 72 என்று இருப்பது நாடித்துடிப்பு. சதவீதக் குறி உள்ளதுதான் ஆக்சிஜன். இன்னொன்று, எதிரே நின்று பார்ப்பவருக்கு எண் தலைகீழாகத் தெரியலாம். 98-ஐத் தலைகீழாக வாசித்தால் 86! திரையின் எழுத்துகள் நேராகத் தெரியும் பக்கமிருந்து வாசியுங்கள்.

95-ம் அதற்கு மேலும் நல்லது. மறுபடி பார்த்தும் 94-ஓ அதற்குக் கீழோ வந்தால் டாக்டரை அழையுங்கள். 90-க்குக் கீழே போனாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு வந்தாலோ 108. அப்போது எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கரைப்பதில் உப்பு கூடியோ குறைந்தோ போகும்.

படி 4: கதவுக்கு இருபுறமும் ஆடு புலி ஆட்டம்

அடைபட்டவருக்கு மூன்றாம் நாளில் போனும் அலுக்கும், வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கோ முதல் நாளே. காய்களைக் கைமாற்றாமல் ஆட இது தோதான ஆட்டம். இரண்டு தாளில் ஒரே படம் வரையுங்கள்:

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே விரியும் நான்கு சாய்கோடுகள். அவற்றை வெட்டி மூன்று படுக்கைக் கோடுகள். இவை இருபுறமும் சற்று வெளியே நீண்டு, நுனிகள் செங்குத்துக் கோட்டால் இணையும். சாய்கோடுகளின் கீழ் நுனிகளை இன்னொரு படுக்கைக் கோட்டால் இணையுங்கள். கோடுகள் சந்திக்கும் புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக எண்: உச்சி 1, முதல் கோட்டில் 2 முதல் 7, அடுத்து 8 முதல் 13, பிறகு 14 முதல் 19, அடிக்கோட்டில் 20 முதல் 23. எண்ணைத் தாளில் எழுதியே விடுங்கள்.

மூன்று புலிக்குப் புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குக் கொண்டைக்கடலை, இருபுறமும் ஒவ்வொரு செட். புலிகள் 1, 4, 5-ல் தொடங்கட்டும். முதலில் ஆடு: ஒருவர் ஓர் ஆட்டை வைக்க, மற்றவர் ஒரு புலியை நகர்த்த, மாறி மாறிப் போகும். பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை ஆடு நகராது. பக்கத்து ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி வெட்டும். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது.

போன் ஸ்பீக்கரில் "நாலிலிருந்து பத்து" என்று எண் சொன்னால் போதும், இருவரும் தத்தம் தாளில் நகர்த்துவார்கள். "பத்தில் ஆடு இல்லையே!" என்று சண்டை வந்தால் 1 முதல் 23 வரை வாசித்துச் சரிபாருங்கள். மனசு ரொம்ப இறுகிப்போனால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கதவை எப்போது திறப்பது? கோவிட்டுக்கு 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்ன கணக்கு: பாசிட்டிவ் வந்து ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இருந்திருக்கக் கூடாது. வேறு தொற்றுக்குக் கணக்கும் வேறு, டாக்டரிடம் கேளுங்கள். திறந்த அன்று ஜன்னல்கள் முழு நாளும் திறந்தே இருக்கட்டும். போர்வையையும் தலையணை உறையையும் உதறாமல் அப்படியே சுருட்டி வாஷிங் மெஷினில் போடுங்கள்.