ஆடும் விண்ட்சர் நாற்காலிக் காலை இறுக்குவது

இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற விண்ட்சர் நாற்காலியில் (கால்களும் முதுகுக் கம்பிகளும் ஒரே பலகை இருக்கையில் தனித்தனியே செருகப்பட்டது) இருக்கை எல்ம் மரப் பலகை; கால்கள் பெரும்பாலும் கடைந்த பீச் மரம். பலவற்றில் காலின் கழுந்து (துளையில் செருகும் முனை) பலகையை ஊடுருவி மேலே வரும், உச்சியில் ஆப்பு தெரியும். இந்த வகைக்கே இம்முறை.

கால் ஆடினால் ஆணி அடிக்கவே வேண்டாம், மரம் பிளக்கும். பழைய ஆப்பை 3 மி.மீ. உளியால் சிறு துண்டுகளாகக் கொத்தி எடுங்கள். மூட்டில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழைய வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) இளகும். பிறகு கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெல்லத் தட்டினால் கால் கழலும். கழுந்திலுள்ள பசையை மட்டும் சுரண்டுங்கள். உப்புத்தாள் போட்டால் கழுந்து இளைத்து மூட்டு மறுபடி தளரும்.

புது வச்சிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். எபாக்சி என்ற ரசாயனப் பசை கூடாது, அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

ஆப்புக்கு ஓக் அல்லது ஆஷ் மரம். முக்கியமானது திசைதான்: ஆப்பு இறங்கும் கழுந்தின் பிளவு, இருக்கையின் நாரோட்டத்துக்கு (மரத்தின் நார் ஓடும் திசை) குறுக்காக நிற்கும்படி, வச்சிரம் தடவிய காலைத் திருப்பிச் செருகுங்கள். நாரோட்டத்தோடு ஆப்பு இறங்கினால் இருக்கையே பிளக்கும். ஆப்பைத் தட்டி இறக்குங்கள்; தட்டும் ஓசை கனத்ததும் நிறுத்துங்கள். ஒரு நாள் காய்ந்தபின், சுற்றியுள்ள பழைய மெருகில் உளி படாமல் ஆப்பின் தலையைச் சீவுங்கள்.