சூடேறியதும் விழுந்த ஒயில் பிரஷர்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் அரை மணி ஓடினால் போதும், எங்கள் படகின் ஒயில் பிரஷர் முள் சரிந்துவிடும். காலைக் குளிரில் ஒரு குறையும் இராது. ஒயில் பம்ப் போய்விட்டது என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஸ்ஏஇ 40 தர எஞ்சின் ஒயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, 40 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகைக்குப் போனால் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும்; ஒயில் இளகினால் பிரஷரும் விழும். அப்படியானால் ஒயில் ஏன் ஆறவில்லை? கடல்நீரால் ஒயிலை ஆற்றும் கூலருக்குள் போகும் குழாய், வெளிவரும் குழாய் இரண்டையும் வெப்பமானியால் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே சூடு.

கழற்றினால், கடல்நீர் ஓடும் குழல்களில் பாதி உப்புக்கல். வினாகிரியில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். முள் இப்போது சரிவதில்லை.

இன்னும் தடித்த ஒயில் விடச் சொன்னார்கள். விடாதீர்கள். குளிர்ந்த குழல் சுவரை ஒட்டி அது இன்னும் மெதுவாக நகர்ந்து, வெப்பம் வெளியேறுவதைக் குறைத்திருக்கும்.