"சரி சார்" என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

கட்டுமான மேலாண்மை படிக்கிற பிள்ளைகளுக்கு மென்திறன் வகுப்பு எடுக்க வருகிற புது ஆசிரியர்கள், முன்னால் வந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கைகுலுக்குவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் இங்கே பேச்சில்லை. தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை உப்புக்காற்றில் வேலை பார்க்கப் போகிறவருக்கு எது உதவும் என்பதுதான் கேள்வி.

ஆங்கிலப் பேச்சுதான் மென்திறன் என்று நினைப்பது

நேர்காணல் அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் மேஸ்திரியோடுதான்.

சொல்லப் பழக்கிவிட்டு, திரும்பக் கேட்கப் பழக்காதது

எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். காசைத் தின்பதும் இதுதான். "தூணுக்குக் கவர் பிளாக் வைங்க, புரிஞ்சுதா?" "சரி சார்." கவர் பிளாக் என்பது கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளிக்காக வைக்கிற சின்னக் கட்டை; அந்த இடைவெளியில்தான் கம்பியை மூடும் கான்கிரீட் நிற்கும். கம்பி கட்டுகிறவர் மூட்டையில் கிடக்கிற 25 மி.மீ. பிளாக்கை வைக்கிறார். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது 45 மி.மீ. யாரும் பொய் சொல்லவில்லை. சொன்னதில் அளவுதான் இல்லை. கான்கிரீட் போட்டபின் அது கண்ணுக்கும் தெரியாது. உப்பு கம்பியைத் தொட்டதும் கம்பி துரு பிடித்து வீங்கும், மேல்கான்கிரீட் வெடித்து உதிரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை உப்புக்காற்று படுத்திய பாடு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

சொல்லும்போது நான்கு வேண்டும்: எந்த இடம், எவ்வளவு, ஏன், எப்போதைக்குள். பிறகு, "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்ணே, எப்படி வைக்கப் போறீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் பதிலில் 45 வரவில்லையென்றால் சொன்னது போய்ச் சேரவில்லை. பரீட்சை வைப்பதுபோலக் கேட்டால் பெரியவருக்குக் கோபம் வரும். பழியைத் தன் வாய்மேல் போட்டுக்கொண்டு கேட்பதே நயம்.

பயிற்சிக்கு இருவரை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவரிடம் தூணின் குறுக்குவெட்டுப் படம், மற்றவரிடம் வெறுந்தாள். பத்து நிமிடம் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாவது சுற்றில், வேறு படத்தோடு, ஒவ்வொரு அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் உரையாற்றாதீர்கள், தப்பான அளவுகளை அவர்களே எண்ணட்டும்.

"முடியாது" சொல்லப் பழக்காதது

நீர்-சிமென்ட் விகிதம் 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலின் ஈரமும் சேர்த்து. கலவை இறுகுகிறது என்று கொத்தனார் பத்து லிட்டர் வாளி ஒன்றைக் கவிழ்த்தால் விகிதம் 0.65 ஆகி, கான்கிரீட் பலம் குறையும். அவருக்கு ஐம்பது வயது, படித்துவிட்டு வந்த நம் பையனுக்கு இருபத்திரண்டு. "கூடாது" என்று மட்டும் சொன்னால் சண்டை. கணக்கைச் சொல்லி, தண்ணீருக்குப் பதில் கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசர் மருந்தை அளவோடு சேர்க்கலாம் என்று வழியும் காட்டினால் கேட்பார். உப்புக் கிணற்றிலிருந்து வருகிற டேங்கர் லாரியும் அப்படித்தான். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது; பரிசோதனைச் சீட்டு இல்லாத லாரியைத் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும்.

இதை நண்பனைக் கொத்தனாராக நடிக்கவிட்டுப் பழக்காதீர்கள். இரண்டாவது வார்த்தையிலேயே விட்டுக்கொடுத்துவிடுவான். ஒரு நாள் கூலி கொடுத்து நிஜ மேஸ்திரியை வகுப்புக்கு அழையுங்கள்.

பவர்பாயின்ட்

சைட்டில் சுவர் இருக்கும், திரை இருக்காது.

தமிழ் மட்டும் போதும் என்பது

வடமாநிலத்து ஆட்கள் இருக்கிற சைட்டில் இந்தி எண்களாவது தெரிய வேண்டும். 45 என்றால் பைந்தாலீஸ். வாயால் சொல்வதோடு டேப்பில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, சரியான பிளாக்கை அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.